ஹிம்லருக்குக் கிடைக்காத ஓலை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் சில வாரங்களாக வெளிவரும் சாகசத் தொடர்கதை குறித்து இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கோவை மாவட்டத்தோடு வேலி பகிர்ந்துகொள்ளும் கொழிஞ்சாம்பாறைப் பகுதியில், தமிழ்வழி வகுப்புகளில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் வாசகசாலைக்குத் தங்கள் கோவைப் பதிப்பு பொள்ளாச்சியிலிருந்து வரும் முதல் பேருந்தில் வந்து சேர்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஏழெட்டுப் பிள்ளைகள் அங்கே கூடுவார்கள்; ஒரு பிள்ளை தொடர்கதையை உரக்க வாசிக்க, மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். வீட்டில் தமிழும் வாசலைத் தாண்டினால் மலையாளமுமாக வளரும் பிள்ளைகளுக்கு நம் எழுத்தோடுள்ள உறவு அறுந்துபோகாமல் காப்பதில் தங்கள் தொடருக்கும் பங்கு உண்டு. அதற்கு நன்றி சொல்லிவிட்டே என் மனக்குறைக்கு வருகிறேன்.

தொடரைப் படிக்காத வாசகர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1938ஆம் ஆண்டு. ஹிட்லரின் எஸ்.எஸ். படைக்குத் தலைவனான ஹைன்ரிக் ஹிம்லர், நெல்லியாம்பதி மலைக் குகை ஒன்றில் சித்தர் ஒருவர் மறைத்துவைத்த ஓலைச்சுவடி இருப்பதாகவும், அதிலுள்ள மந்திரத்தை ஓதுபவனின் படையை எவராலும் வெல்ல முடியாது என்றும் நம்புகிறான். நீலக் கண்ணும் கன்னத்தில் வாள்வெட்டுத் தழும்புமாக அவனுடைய அதிகாரி ஒருவன் கொச்சித் துறைமுகத்தில் வந்து இறங்குகிறான். கொல்லங்கோட்டு மந்திரவாதி ஒருவன் அவனுக்கு வழிகாட்டுகிறான். கோவைக் கல்லூரி மாணவன் ஒருவன் இருவரையும் துரத்துகிறான். இரண்டு வாரங்களுக்கு முன் வந்த அத்தியாயத்தில் ஓலையின் பாதி தீயில் கருகிவிட, பெர்லினில் இருந்த ஹிம்லர், உலக ஞானத்தின் வித்து தமிழ் மண்ணில் அல்லவா இருக்கிறது என்று கண்கலங்குகிறான். அந்த வரியைக் கேட்டதும் எங்கள் பிள்ளைகள் கைதட்டினார்கள்.

கைதட்டல் அடங்கியதும் பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் என்னைப் பார்த்து, "சார், அந்த ஓலை முழுசாக் கிடைச்சிருந்தா அவன் ஜெயிச்சிருப்பானா?" என்று கேட்டான். "கதைதானே கண்ணு" என்று சொல்லி அன்று தப்பித்துக்கொண்டேன். முப்பது ஆண்டுகள் வரலாறு கற்பித்தவன் சொல்லக்கூடிய பதில் அதுவன்று என்பது வீடு திரும்பும் வழியெல்லாம் உறுத்திக்கொண்டே இருந்தது. அவனுக்குச் சொல்லாமல் விட்ட பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். சாகசக் கதைகளுக்கு நான் எதிரியல்லன். மந்திரவாதியின் உயிர் ஏழு கடலுக்கு அப்பாலுள்ள கிளியின் கழுத்தில் இருந்தது என்று கேட்டு வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான். ஹிம்லருக்கு மறைஞானப் பித்து இருந்ததும் தொடரின் ஆசிரியர் கட்டிவிட்ட கதையன்று, உண்மையிலேயே இருந்தது. அந்தப் பித்து எப்படி வேலை செய்தது, யாரைக் கொன்றது என்பதைக் கதை முழுவதுமாக மூடிவிடுகிறது என்பதே என் முறையீடு. வயதில் மூத்தவர் எவரையும் ஒருமையில் எழுதக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தந்தவன் நான். இந்த ஒருவன் விஷயத்தில் அந்த விதியை மீறுவதற்கு வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

கதையின் வில்லனுக்கும் அசல் ஹிம்லருக்கும் தோற்றத்திலேயே தூரம் அதிகம். 1900ஆம் ஆண்டு மியூனிக் நகரில் ஒரு பள்ளி ஆசிரியரின் மகனாகப் பிறந்தவன் அவன். என் தொழிலுக்கு இப்படியும் ஓர் இழுக்கு. வேளாண்மை படித்து 1922இல் பட்டயம் பெற்றான். 1928இல் மியூனிக் அருகே கோழிப்பண்ணை வைத்து, அதிலும் உருப்படவில்லை. 1929 ஜனவரியில் எஸ்.எஸ். படைக்குத் தலைவனானபோது அது சில நூறு பேர் கொண்ட சிறு கூட்டமாகவே இருந்தது. கிட்டப்பார்வைக்கு வட்டக் கண்ணாடி அணிந்தவன்; ஓயாத வயிற்றுவலிக்காரன்; அந்த வலிக்காகவே ஃபெலிக்ஸ் கெர்ஸ்டன் என்ற மசாஜ் சிகிச்சையாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தான். இளமையில் படித்த புத்தகங்களையெல்லாம் வரிசையாகப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றைப் பற்றியும் ஓரிரு வரிக் கருத்தும் எழுதிவைத்தவன். நம் ஊர் சார்பதிவாளர் அலுவலகத்தில் ஓர் ஓரத்து மேசையில் பார்த்தால் யாரும் இரண்டாம் முறை திரும்பிப் பார்க்காத உருவம். அந்த மேசைக்காரத்தனம்தான் அவனுடைய அபாயம் முழுவதும். அவன் ஒன்றை நம்பினால் அதற்கு ஒரு துறை பிறக்கும், நிதி ஒதுக்கப்படும், ஊழியர் அமர்த்தப்படுவர், கோப்பு எண் விழும்.

1935 ஜூலையில் அவனும் வேறு சிலரும் சேர்ந்து 'ஆனெனெர்பெ' என்ற ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். முன்னோர் மரபு என்று அந்தப் பெயருக்குப் பொருள் சொல்லலாம். ஜெர்மானியரின் முன்னோர் உலகின் எல்லா நாகரிகங்களுக்கும் தாய்வேர் என்ற முடிவை முதலிலேயே எழுதிவைத்துக்கொண்டு, அதற்கான சான்றுகளைத் தேடுவது அதன் பணி. அகழ்வாராய்ச்சி, நாட்டார் கதை, பாறைக் குறியீடு, வானிலை என்று பிரிவு பிரிவாக வளர்ந்தது. பேரண்டமே பனிக்கட்டியால் ஆனது என்ற ஆஸ்திரியப் பொறியாளர் ஹான்ஸ் ஹோர்பிகரின் கோட்பாட்டுக்கும் அங்கே இடம் கிடைத்தது. 1937 முதல் அதன் தலைமையில் இருந்த வால்தர் வூஸ்ட் ஒரு சமஸ்கிருத அறிஞர், மியூனிக் பல்கலைக்கழகப் பேராசிரியர். ஹிட்லருக்கு எதிராகத் துண்டறிக்கை வீசிய ஹான்ஸ் ஷோல், சோஃபி ஷோல் என்ற அண்ணனும் தங்கையும் 1943 பிப்ரவரியில் அதே பல்கலைக்கழகத்தில் பிடிபட்டு, நான்கே நாட்களில் தலை வெட்டிக் கொல்லப்பட்டபோது அதன் துணைவேந்தர் பொறுப்பில் இருந்தவரும் இந்த வூஸ்ட்தான். வேதம் படித்தவர் என்பதால் அவருக்கு நம் நாட்டின்மேல் நேசம் இருந்திருக்கும் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம்.

ஹிம்லருடைய மாந்திரீக ஆலோசகனும் கற்பனைப் பாத்திரமல்லன். கார்ல் மரியா விலிகுட் என்ற ஓய்வு பெற்ற ஆஸ்திரியக் கர்னல், ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்தைய முன்னோர் நினைவுகள் தனக்குள் இருப்பதாகச் சொல்லிக்கொண்டவர். 1924 முதல் 1927 வரை சால்ஸ்பர்க் மனநோய் மருத்துவமனையில் அடைக்கப்பட்டிருந்தவர். 1933இல் வேறு பெயரில் எஸ்.எஸ். படையில் சேர்ந்தார். படை அதிகாரிகள் அணிந்த மண்டையோட்டு மோதிரத்தின் வடிவமைப்பில் அவருக்குப் பங்கு உண்டு. பழைய மருத்துவமனை விவரம் வெளியில் கசியவே 1939இல் ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மந்திரவாதிக்கும் அங்கே பணிப்பதிவேடும் ஓய்வுக்கால ஏற்பாடும் இருந்தன என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன்.

இனி, தொடரின் மையமான தேடல் பயணத்துக்கு வருகிறேன். 1938இல் எஸ்.எஸ். அதிகாரிகள் ஐவர் இந்தியாவுக்கு வந்தது உண்மை. எர்ன்ஸ்ட் ஷேஃபர் என்ற விலங்கியல் ஆய்வாளரின் தலைமையில் அவர்கள் கல்கத்தாவில் இறங்கி, சிக்கிம் வழியாக 1939 ஜனவரியில் திபெத்தின் தலைநகர் லாசாவை அடைந்து, இரண்டு மாதங்கள் தங்கினார்கள். பறவைகளையும் விலங்குகளையும் சுட்டுப் பதப்படுத்தினார்கள், விதைகளைச் சேகரித்தார்கள், படம் பிடித்தார்கள். பனிக்கட்டிக் கோட்பாட்டு ஆள் ஒருவரையும் குழுவில் சேர்த்துக்கொள்ளும்படி ஹிம்லர் சொன்னபோது ஷேஃபர் மறுத்துவிட்டார். பிரிட்டிஷ் அரசு அவர்களைச் சந்தேகத்தோடே பார்த்தது. லாசாவில் இருந்த அதன் பிரதிநிதி ஹியூ ரிச்சர்ட்சன் அவர்களை விரும்பவே இல்லை. அப்படிப்பட்ட காலத்தில் துப்பாக்கியும் கையுமாக ஒரு ஜெர்மன் அதிகாரி கொச்சியில் இறங்கி, கொல்லங்கோடு வரை ரயிலில் வந்து, மலையேறுவது எப்படி என்று கதாசிரியரைக் கேட்கலாம். கதைக்கு அவ்வளவு சலுகைகூடக் கொடுக்காவிட்டால் எப்படி என்று நானே விட்டுவிடுகிறேன்.

பையனின் கேள்விக்கு உரிய பதிலின் முதல் பாதி இந்தப் பயணத்திலேயே இருக்கிறது. அவர்கள் வெறுங்கையோடு திரும்பவில்லை. திபெத்திய பௌத்தத்தின் புனித நூல் தொகையான கஞ்சூரின் 108 தொகுதிகளையும் ஜெர்மனிக்குக் கொண்டுபோனார்கள். 1939 ஆகஸ்டில் திரும்பி வந்தவர்களை ஹிம்லர் விமான நிலையத்துக்கே சென்று வரவேற்றான். தேடிய கிழக்குத் திசையின் ஏடு, ஒன்றல்ல நூற்றெட்டு, போர் தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்பே அவர்கள் கைக்கு வந்துவிட்டது. ஆறு ஆண்டுகள் கழித்து, 1945 மே மாதம், ஒரு சாதாரண சார்ஜெண்டின் பெயரிலான தாள்களோடு பிடிபட்ட ஹிம்லர், 23ஆம் தேதி லூனபர்க்கில் பிரிட்டிஷார் காவலில் இருக்கும்போதே, பல்லிடுக்கில் ஒளித்துவைத்த சயனைடைக் கடித்துச் செத்தான். நெல்லியாம்பதி ஓலையும் கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? எண்ணிட்டு அலமாரியில் வைத்திருப்பார்கள். இது ஆரிய நூலே என்று முன்னுரை எழுத ஒரு பேராசிரியரும் கிடைத்திருப்பார்.

பதிலின் மறுபாதிதான் தொண்டையில் முள்ளாய் நிற்கிறது. அந்தக் குழுவில் புருனோ பேகர் என்ற மானிடவியலாளர் இருந்தார். மண்டையின் நீள அகலத்தை அளக்கும் இடுக்கியோடு திபெத்திலும் சிக்கிமிலும் 376 பேரை அளந்தார். பதினேழு பேரின் முகத்தில் சாந்து பூசி அச்செடுத்தார். திபெத்திய மேட்டுக்குடியினரின் எலும்பில் வடபுலத்து ஆரியரின் சாயல் ஒளிந்திருக்கிறதா என்பது அவருடைய தேடல். இந்த இடுக்கி நமக்குப் புதிதன்று. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், அந்தக் காலச் சென்னை மாகாணம் முழுவதும் மக்களின் மூக்கையும் மண்டையையும் அளந்து, 1909இல் ஏழு தொகுதிகளாகப் பதித்திருக்கிறார். அன்று பாலக்காடு வட்டமும் அந்த மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. தர்ஸ்டனை பேகரோடு ஒரே தட்டில் வைக்கவில்லை. ஆனாலும் அளக்கப்படுவது எப்படி இருக்கும் என்பது நம் பாட்டன்மாருக்குத் தெரியும்.

அதே பேகர் 1943இல் ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்குப் போனார். ஸ்ட்ராஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் உடற்கூறியல் பேராசிரியர் ஆகஸ்ட் ஹிர்ட், அழியப்போகும் இனத்தின் மாதிரியாக யூதர்களின் எலும்புக்கூடுகளைச் சேகரித்துவைக்க விரும்பினார். ஆனெனெர்பெயின் செயலாளர் வோல்ஃப்ராம் ஸீவர்ஸ் அதற்கான கடிதங்களை எழுதினார், ஹிம்லர் அனுமதித்தான். முகாமில் பேகர் இடுக்கியை வைத்து ஆட்களைத் தேர்ந்தெடுத்தார். அவர்களில் 86 பேர் நாட்ஸ்வைலர் முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, 1943 ஆகஸ்டில் நச்சுவாயுவால் கொல்லப்பட்டார்கள். 57 ஆண்கள், 29 பெண்கள். போருக்குப் பின் நாஜிகளை விசாரித்த நூரெம்பர்க் நீதிமன்றத்தின் தீர்ப்பின்படி ஸீவர்ஸ் 1948இல் தூக்கிலிடப்பட்டார். பேகருக்கு 1971இல் ஃப்ராங்க்ஃபர்ட் நீதிமன்றம் விதித்த தண்டனை மூன்று ஆண்டுகள்.

திபெத்திலும் சிக்கிமிலும் மக்களின் முகத்தை அளந்த கையும் ஆஷ்விட்ஸில் சாகப்போகிறவரின் தலையை அளந்த கையும் ஒன்றுதான். சாகசக் கதை முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறது. பனிமலை, மடாலயம், மர்மச் சுவடி, நீலக்கண் அதிகாரி ஆகியவை கதைக்கு இனிக்கின்றன. மறுபாதியை எழுதினால் கதை அங்கேயே நின்றுபோகும். ஆகவே எழுதுவதில்லை.

வேவல்ஸ்பர்க் கோட்டையைப் பற்றியும் ஓர் அத்தியாயம் வந்தது. ஜெர்மனியின் பாடர்போர்ன் நகருக்கு அருகிலுள்ள அந்த முக்கோணக் கோட்டையை ஹிம்லர் 1934இல் நூறாண்டுக் குத்தகைக்கு, ஆண்டுக்கு ஒரு மார்க் வாடகையில் எடுத்தான். வடக்குக் கோபுரத்தின் தரையில் பன்னிரண்டு ஆரங்கள் கொண்ட சூரியச் சக்கரம் பளிங்கில் பதிக்கப்பட்டிருப்பதும் உண்மை. நள்ளிரவில் பன்னிரண்டு தளபதிகள் அதைச் சுற்றி நின்று ஆவிகளை அழைத்தார்கள் என்பதற்குச் சான்று எதுவும் இல்லை. 1943இல் பணி நிறுத்தப்பட்டபோது அந்த மண்டபமே முடிந்திருக்கவில்லை. சான்று உள்ள நிகழ்ச்சி வேறு. சோவியத் நாட்டின்மீது படையெடுப்பதற்குச் சற்று முன், 1941 ஜூனில், ஹிம்லர் தன் உயர் அதிகாரிகளை அங்கே கூட்டினான். கிழக்கில் ஸ்லாவிய மக்கள்தொகையை மூன்று கோடி குறைப்பது இந்தப் போரின் நோக்கம் என்று அவன் வேவல்ஸ்பர்க்கில் சொன்னதாக, அந்த அதிகாரிகளில் ஒருவரான பாக்-ஸெலெவ்ஸ்கி நூரெம்பர்க்கில் சாட்சியம் அளித்தார். கோட்டையைக் கட்டி எழுப்ப அந்தச் சிற்றூரிலேயே ஒரு வதைமுகாம் அமைத்தார்கள். அதில் அடைக்கப்பட்ட ஏறத்தாழ 3,900 பேரில் குறைந்தது 1,285 பேர் இறந்தார்கள். ஆவிகளைத் தேடுகிறவர்கள் அந்தக் கல்லுடைக்கும் குழியில் தேடலாம்.

வாசகசாலையில் அட்டைப் பட்டியல் எழுதி எழுதி விரல் தேய்ந்தவன் என்பதால், அவனுடைய வேலைகளில் என்னை மிகவும் திகைக்கவைத்தது வேறொன்று. 1935 முதல் 1944 வரை, நூலகங்களுக்கும் ஆவணக் காப்பகங்களுக்கும் ஆட்களை அனுப்பி, பழைய ஐரோப்பாவில் சூனியக்காரிகள் என்று குற்றம்சாட்டிக் கொல்லப்பட்டவர்களின் விவரங்களை அட்டை அட்டையாக எழுதவைத்தான். 33,000க்கும் மேற்பட்ட அட்டைகள் சேர்ந்தன. ஜெர்மானியப் பெண்களையும் அவர்களுடைய பழைய சமயத்தையும் கிறித்தவத் திருச்சபை எரித்தது என்று நிரூபிப்பது நோக்கம். மூன்று நூற்றாண்டுக்கு முன் எரிக்கப்பட்ட பெண்களுக்காகக் கண்ணீர் வடித்த அதே அலுவலகங்களின் ஆட்கள், அதே ஆண்டுகளில், உயிரோடிருந்த பெண்களையும் குழந்தைகளையும் பட்டியலிட்டு எரித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பட்டியலுக்கும் ஒரே மாதிரி அட்டை.

சோதிடத்தோடு இருந்த உறவும் இதே தரம்தான். கட்சியில் ஹிட்லரின் துணைத் தலைவனான ருடால்ஃப் ஹெஸ் 1941 மே 10 அன்று தனியாக விமானம் ஓட்டி ஸ்காட்லாந்துக்குப் போய்விட்டபோது, சோதிடர்கள் அவன் மூளையைக் கெடுத்துவிட்டார்கள் என்று பழி போட்டார்கள். ஜூன் மாதம் சோதிடரும் குறிசொல்பவரும் மந்திர வைத்தியரும் கூட்டங்கூட்டமாகக் கைதானார்கள். அப்படிக் கைதான வில்ஹெல்ம் வுல்ஃப் என்ற ஹாம்பர்க் சோதிடர் பின்னர் ஹிம்லருக்கே ஜாதகம் கணித்துக்கொடுத்தார். ஊருக்குத் தடை, தனக்கு மட்டும் விலக்கு. ஹிட்லரோ, ஹிம்லரின் முன்னோர் ஆராய்ச்சியைத் தனிப்பேச்சில் கேலி செய்தவன் என்று அவனுடைய அமைச்சராக இருந்த ஆல்பர்ட் ஸ்பியர் எழுதியிருக்கிறார். நாஜி ஆட்சி முழுவதும் மந்திரக் கயிற்றில் ஆடியது என்று நம்பவைக்கும் கதைகளில் பெரும்பகுதி 1960ஆம் ஆண்டுக்குப் பிறகு பாரிஸிலும் லண்டனிலும் வெளியான பரபரப்புப் புத்தகங்களிலிருந்து வந்தது. தொடரில் அடிக்கடி வரும் 'வ்ரில்' என்ற சக்தியை எடுத்துக்கொள்ளுங்கள். அது 1871இல் வெளியான ஓர் ஆங்கில நாவலில் கற்பனையாகப் பிறந்தது. அந்தக் காலத்திலேயே அதன் வாலைப் பிடித்து 'போவ்ரில்' என்று மாட்டிறைச்சிச் சாற்றுக்குப் பெயர் வைத்து விற்றார்கள். உலகை ஆளும் சக்தி கடைசியில் இங்கிலாந்துக் கடைகளில் புட்டியில் கிடைத்தது.

கைதட்டலுக்குத் திரும்புகிறேன். ஹிம்லர் பகவத்கீதையைக் கூடவே வைத்திருந்தான் என்று கெர்ஸ்டன் போருக்குப் பின் வெளியிட்ட நினைவுக் குறிப்புகளில் வருகிறது. அவருடைய குறிப்புகள் எல்லாவற்றையும் அப்படியே ஏற்க முடியாது என்று வரலாற்றாசிரியர்கள் எச்சரித்திருக்கிறார்கள். இருந்தாலும் இந்தச் செய்தியைப் பெருமையோடு கைப்பேசியில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்கிறோம். நம்மை யார் மெச்சினார்கள் என்று பார்க்காமல், மெச்சினார்கள் என்பதற்காகவே மகிழ்கிறோம். அவர்களுடைய இனவாதப் புத்தகங்களின்படி, வடக்கிலிருந்து வந்த ஆரியரின் தூய இரத்தம் இந்தியாவின் கறுத்த மக்களோடு கலந்து கெட்டுப்போனது. அந்தக் கறுத்த மக்களில் முதல் வரிசையில் நிற்பவர்கள் நாம். வித்து தமிழ் மண்ணில் இருக்கிறது என்று கண்கலங்குவதாவது! அவர்கள் கணக்கில் அந்த வித்தைக் கெடுத்ததே நாம்தான்.

இந்தியத் தொடர்பு யாரையாவது காப்பாற்றியதா என்று பார்க்க நெல்லியாம்பதிவரை வர வேண்டியதில்லை. முன்பு ஜிப்ஸிகள் என்று அழைக்கப்பட்ட, ஐரோப்பாவின் ரோமா, சின்டி மக்களின் முன்னோர் பல நூற்றாண்டுகளுக்கு முன் இந்தியாவிலிருந்து சென்றவர்கள். இன்றும் ரோமா மொழியில் தண்ணீர் 'பானி', மூக்கு 'நக்'. இவர்களில் கலப்பில்லாத சிலரைப் பழைய ஆரியரின் எச்சமாகத் தனியே வைத்துக்கொள்ளலாம் என்று ஹிம்லர் 1942இல் ஒரு யோசனை வைத்திருந்தான். அதே ஆண்டு டிசம்பர் 16 அன்று, இந்த மக்களை ஆஷ்விட்ஸுக்கு அனுப்பும் ஆணையைப் பிறப்பித்தவனும் அவனே. ஏறத்தாழ 23,000 பேர் அந்த முகாமுக்குள் போனார்கள். 1944 ஆகஸ்ட் 2 அன்று ஒரே இரவில் நான்காயிரத்துக்கும் மேற்பட்டோர் வாயு அறைகளில் கொல்லப்பட்டார்கள். ஹிம்லரின் இந்திய மோகத்தைக் கதையாக்க விரும்பும் எழுத்தாளர் எவருக்கும் இது கிடைக்காத பொருளன்று. இதில் ஓலைச்சுவடி இல்லை என்பது மட்டுமே குறை.

கொல்லங்கோட்டு மந்திரவாதியைப் பற்றி எல்லைக்காரனாக ஒரு வார்த்தை. வேலந்தாவளம், கோபாலபுரம் சோதனைச்சாவடிகளைத் தாண்டி வரும் கார்கள் எங்கள் தேநீர்க் கடைகளில் நின்று, நல்ல மலையாள மாந்திரீகர் எங்கே இருக்கிறார் என்று கேட்பது எங்களுக்குப் பழகிப்போன காட்சி. என்னையே கேட்டிருக்கிறார்கள், முப்பது ஆண்டுகளாக இங்கே இருந்தும் ஒருவரையும் பார்த்ததில்லை என்றால், மறைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு போகிறார்கள். எங்கள் மலையாளி நண்பர்களோ தங்கள் விதியைத் தெரிந்துகொள்ள ஓலை தேடி வைத்தீசுவரன்கோயிலுக்குப் பயணம் போகிறார்கள். மந்திரம் எப்போதும் அடுத்தவன் ஊரில்தான் இருக்கிறது. ஹிம்லருக்கு அது திபெத்தில் இருந்தது. தங்கள் கதாசிரியருக்குக் கொல்லங்கோட்டில் இருக்கிறது. தொடர்கதைக்குப் பின்பக்கத்திலேயே, மூன்று நாளில் வசியம் என்று கேரள மாந்திரீகர் பெயரில் வரிவிளம்பரமும் வருவதைத் தாங்கள் பார்த்திருப்பீர்கள். பையனுக்கு அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்பதில் அந்தப் பக்கத்துக்கும் பங்கு இருக்கலாம்.

மேலும், அந்த மந்திரவாதியைக் கறுத்த உடலும் சிவந்த கண்ணுமாக, காட்டுக் குடியில் பிறந்தவனாக எழுதியிருக்கிறார்கள். பாலக்காட்டில் ஒடியன் கதைகள் கேட்காத பிள்ளை இல்லை. இரவில் காளையாக உருமாறி வழிப்போக்கனைக் கொல்பவன் என்று அந்தக் கதைகள் சுட்டியது பெரும்பாலும் நிலமற்ற, தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட மக்களைத்தான். ஒடியன் என்ற பழி விழுந்தவன் இரவில் தனியே நடக்கவே அஞ்ச வேண்டியிருந்தது. நாஜிகளைக் கண்டிக்கும் கதை ஒன்று, பிறப்பையும் நிறத்தையும் வைத்தே ஒருவனைத் தீயவன் ஆக்குவது எனக்குப் பொருத்தமாகப் படவில்லை.

தொடரை நிறுத்துமாறு நான் கேட்கவில்லை. பிள்ளைகள் என்னை மன்னிக்கமாட்டார்கள். கதாசிரியருக்கு ஒரு யோசனை மட்டும் சொல்ல விரும்புகிறேன். அந்த நீலக்கண் அதிகாரியின் தோல்பெட்டியை எப்போதாவது ஓர் அத்தியாயத்தில் அந்தக் கோவை மாணவன் திறக்க வேண்டி வரும். அதில் வரைபடமும் மந்திரத் தகடும் இருப்பதாக எழுதாமல், ஓர் இடுக்கியும், கண்ணின் நிறத்தை ஒப்பிடும் கண்ணாடி விழிகளும், எண்கள் நிரப்பிய படிவங்களும் இருப்பதாக எழுதட்டும். இதென்ன என்று அந்த மாணவன் திகைக்கட்டும். பக்கங்களைப் புரட்டவைக்கும் மர்மம் அதில் குறையாது.

அந்தப் படிவங்களில் ஒன்றுக்கு உரியவரின் பெயரையும் தருகிறேன். ஸ்ட்ராஸ்பர்க் விடுதலையான பிறகு, உடற்கூறியல் கூடத்துத் தொட்டிகளில் கிடந்த உடல்களைப் படம் எடுத்தார்கள். ஒரு படத்தில் இடது கையில் பச்சை குத்திய எண் தெரிந்தது: 107969. அந்த எண்ணைக் கொண்டு அவர் மெனாஹெம் டாஃபல் என்று கண்டுபிடித்தார்கள். பெர்லினில் வாழ்ந்தவர், ஹிம்லர் பிறந்த அதே 1900ஆம் ஆண்டில் பிறந்தவர். நெடுங்காலம் அந்த 86 பேரில் பெயர் தெரிந்தவர் அவர் ஒருவரே. ஹான்ஸ்-யோஆகிம் லாங் என்ற ஜெர்மன் பத்திரிகையாளர் பல ஆண்டுகள் தேடி, 2004இல் எல்லோருடைய பெயர்களையும் வெளியிட்டார். ஒரு நாளிதழ்க்காரர் செய்த தேடல் அது என்பதைத் தங்கள் அலுவலகத்தார் அறிந்தால் மகிழ்வார்கள்.

இந்தக் கடிதம் முழுவதையும் வெளியிட இடமில்லாவிட்டால், இதற்கு முந்தைய பத்தியையாவது வரும் ஞாயிறு தொடர்கதை வெளியாகும் பக்கத்திலேயே வெளியிடுமாறு வேண்டுகிறேன். எங்கள் பையன் ஆசிரியருக்குக் கடிதங்கள் பகுதியைப் படிப்பதில்லை.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.